உறுமி அடியில் ஆறு சுற்று

ஏப்ரல் 6, திங்கள்

விடியற்காலை மழை. ஆறு மணிக்குத்தான் விட்டது. புந்தோங் ரோடு முழுக்கத் தண்ணீர். காலணி ஈரம். ஓடவில்லை.

நேற்று ஓடிய நேரம்: 2.4 கிலோமீட்டர், பதினாறு நிமிடம் இருபது வினாடி. வேண்டியது பதினைந்துக்குள். தேர்வு 25, சனிக்கிழமை. துணைப் போலீஸ் வேலை, கேட் காவல். எழுத்துத் தேர்வு, உயரம், எடை, கண் பார்வை எல்லாம் தேறியாயிற்று. ஓட்டம் ஒன்றுதான் பாக்கி. வயது வரம்பு முப்பத்து மூன்று. ஆகஸ்டில் அதைத் தாண்டிவிடுவேன். ஆகவே அடுத்த தரம் என்று ஒன்று கிடையாது.

பிஸ்கட் கிலாங், தொழிற்சாலை வேலை, ஒன்பது வருடம். பெல்ட்டில் வருவதை எடுத்து டின்னில் அடுக்க வேண்டும். கழிவறைக்குப் போவதென்றால் சூப்பர்வைசரிடம் அட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு தொப்பி, ஒரு கேட் போதும். அந்த கேட் நான் திறந்தால்தான் திறக்க வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பார்கள்.

அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது சமையலறை வரை கேட்டது: "மாப்ள பாக்க வாராங்கன்னா ஒளிஞ்சிக்கிறா. வேலைக்குன்னா ஓடுறா. என்னா புள்ளையோ."

ஏப்ரல் 7, செவ்வாய்

வெயில். வேலை முடிந்து வாணியோடு திடலில். வாணி என் பக்கத்து பெல்ட். வயது இருபத்தைந்து, கால் நீளம், அவளும் அதே தேர்வுக்குப் போகிறாள். இதற்கெல்லாம் அவளுடைய போன்தான் குரு.

இனிமேல் சும்மா ஓடக் கூடாதாம். இண்டர்வல். நானூறு மீட்டர் வேகம், இரண்டு நிமிடம் நடை, மறுபடி நானூறு. ஆறு தரம். தேர்வில் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம்தான் கணக்கு. பயிற்சியில் அதைவிடப் பத்து வினாடி குறைவாக ஓட வேண்டும்.

ஓடியது: ஒன்று, அருமை. இரண்டு, பரவாயில்லை. மூன்று, கண்ணில் பூச்சி. நான்கு, பாதியில் நடை. ஐந்தும் ஆறும் ஓடவே இல்லை.

வாணி சொன்னாள்: "அக்கா, நீங்க மொத சுத்துல நாய் தொரத்துற மாதிரி ஓடுறீங்க. அப்புறம் எங்கேர்ந்து மூச்சு இருக்கும்?"

உண்மை. எதிலும் எனக்கு நிதானம் கிடையாது. சோறு, பேச்சு, கோபம் எல்லாம் இப்படித்தான். காதில் ஏதாவது சீரான தாளம் இருந்தால் கால் அதைப் பிடித்துக்கொள்ளும் என்கிறாள். அவள் கேட்பது கொரியப் பாட்டு. எனக்கு அது நுழையாது.

தம்பி குமரனிடம் கேட்டால் என்ன? டயர் கடை வேலை போக மற்ற நேரமெல்லாம் அவனுக்கு உறுமி மேளம்தான். எட்டுப் பேர் குழு. வீட்டில் தாளத்துக்கா பஞ்சம்!

ஏப்ரல் 9, வியாழன்

குமரன் பன்னிரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்பினான். உறுமி, தவில், ஜால்ரா. காதில் போட்டதும் புல்லரித்துவிட்டது. கால் தானாகப் போகிறது. முதல் நானூறு லேசு. இரண்டாவது, பறந்தேன். மூன்றாவது, உயிர் போகிறது. நான்காவதில் திடலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

காரணம் என்னவாக இருக்கும்:
மதியம் தின்ற நாசி லெமாக்.
காலணி.
வயது.
அம்மாவின் வாய்.

இதில் எதுவென்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. பதினாறு நாள்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுதவே வெட்கம். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை ஆறரைக்கு சிம்பாங் பூலாய் பக்கம், பழைய தோட்டத்து ரோடு. ரப்பர்ப் பால்மரம் போய் இப்போது எல்லாம் செம்பனை. கார் வராது, மேடு இல்லை. மாரியம்மன் கோயில் வளைவிலிருந்து தராசுக் கொட்டகை வரை குமரன் தன் மோட்டோ சைக்கிள் மீட்டரில் முன்பே அளந்து சொன்னது, சரியாக நானூறு. வாணி கொட்டகைப் பக்கம் கடிகாரத்தோடு நின்றாள்.

காது ஒலிப்பான் வியர்வையில் செத்துவிட்டது. போனை முழுச் சத்தத்தில் வைத்து இடுப்புப் பையில் செருகிக்கொண்டேன். மூன்றாவது தரம் ஓடும்போது தலைமுடி ரப்பர் அறுந்து முடி முழுக்க அவிழ்ந்துவிட்டது. நின்று கட்டினால் நேரம் போய்விடும். அப்படியே ஓடினேன். உடம்பில் மஞ்சள் சட்டை வேறு.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல். பத்துப் பதினைந்து பெண்கள் இருந்திருப்பார்கள். தூரத்தில் உறுமிச் சத்தம், அது வரவரக் கிட்டத்தில் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் தலைவிரி கோலமாக ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வருகிறாள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

"ஏ, சாமி வந்திருச்சுடி! வழி விடுங்க!"

பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு ரோட்டுக்கே வந்துவிட்டார். வேப்பிலையோடு இரண்டு பேர். ஒரு அக்கா என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நில்லு தாயி! எந்தத் தாயி நீ? என்னா வேணும், சொல்லு!"

எனக்குப் பேச மூச்சில்லை. "ரெண்டு... இருவது..." என்றேன். இரண்டு நிமிடம் இருபது வினாடிக்குள் போக வேண்டும் என்று சொல்ல வந்தது.

"இருவதாம் தேதியா? எதுக்குத் தாயி? பூச வைக்கணுமா?"

தலையோடு தண்ணீர். முழுக் குடம்.

வாணி ஓடி வந்து விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு அம்மா என் காலில் விழுந்து மகனுக்கு எப்போது நல்ல காலம் வரும் என்று கேட்டுவிட்டார். நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. "சாமி இல்லீங்க அண்ணே, ஓட்டப் பயிற்சி" என்று பூசாரியிடம் சொன்னேன். அவர் என் பையிலிருந்து போனை எடுத்து அணைத்தார். முகத்தில் கோபம் இல்லை.

"இந்த அடிக்கு ஓடுறியாம்மா? இது ஏறுற அடிலா. கடைசில சாமி வர்றதுக்குன்னே அடிக்கிறது. இதப் போட்டுக்கிட்டு ஓடுனா சாமியாச்சும் வரும், மயக்கமாச்சும் வரும்."

பொங்கல் கொடுத்தார்கள். சாப்பிட்டோம். வாணி பஸ்ஸில் பதிவைக் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். தொடக்கத்தில் நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி. முடிவில் நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொரு தரமும் நான் பதிவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போட்டிருக்கிறேன். என் கால் ஒழுங்காகத்தான் உழைத்திருக்கிறது, பாவம்.

பிறந்ததிலிருந்து உறுமி கேட்கிறேன். அது ஏறும் என்று தெரியாதா எனக்கு? தெரியும். காதில் போட்டுக்கொண்டு ஓடும்போது மட்டும் புத்தி எங்கே போனதோ.

ஏப்ரல் 13, திங்கள்

குமரனோடு சண்டை. அவன் சிரித்ததுதான் காரணம்.

"அக்கா, ஒன்னைய குளிப்பாட்டிட்டாங்களாமே! வாட்சப்புல வந்திருச்சு."

"சீரா அடிச்சிக் குடுன்னு கேட்டேனா இல்லையா?"

"உறுமின்னா ஏறும்லா. ஏறாட்டி எங்களத் திருவிழாவுக்கு யாரு கூப்புடுவா?"

ஆனாலும் மாலையில் முயற்சி செய்தார்கள். கோயில் பின்புறம், எட்டுப் பேரும். நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். முதல் நிமிடம் சரி. இரண்டாவதில் தவில் சிவாவின் கை ஏறுகிறது. நிறுத்தி மறுபடி. மறுபடியும் ஏறுகிறது. "கை கேக்க மாட்டேங்குது அக்கா" என்றான். வேண்டுமென்று செய்வதாகத் தெரியவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. கடைசியில் குமரன் போனில் டிக் டிக் வைத்துக் காதில் செருகிக்கொண்டு தனியாக அடித்தான். மற்றவர்கள் புகைபிடிக்கப் போய்விட்டார்கள்.

பதினைந்து நிமிடம், ஒரே சீராக. முடித்ததும் குச்சியைக் கீழே போட்டான். "இது மேளமா அக்கா? கல்யாண வூட்டு ஜெனரேட்டரு மாதிரி இருக்கு. யாருகிட்டயும் நான் அடிச்சதுன்னு சொல்லாத."

சொல்ல மாட்டேன். அவனுக்கு ஒரு நல்ல பனியன் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. வேலைக்குப் போய்வந்து கோயில். வடை ஐந்து. பாயசம் இரண்டு தரம். ஓட்டம் இல்லை. ராத்திரி வரை வயிறும் மனசும் சரியில்லை. அம்மா மட்டும் மகிழ்ச்சி: "இன்னிக்கித்தான் வூட்டுப் புள்ளையாட்டம் இருக்கே."

ஏப்ரல் 16, வியாழன்

திடல். மேகமூட்டம். ஜெனரேட்டர் அடி காதில்.

ஆறு நானூறு. ஆறும் ஒரே நேரம். இரண்டு இருபது, அதிலிருந்து ஒரு வினாடி இப்படி அப்படி. உட்காரவில்லை, கண்ணில் பூச்சி இல்லை. வாணிக்கு நம்ப முடியவில்லை. "மிஷின் மாதிரி ஓடுறீங்க அக்கா."

அவள் நல்லதாகத்தான் சொன்னாள். எனக்கு அது எங்கேயோ குத்திவிட்டது. ஐந்தாவது சுற்றில் நானே உணர்ந்தேன். கை, கால், மூச்சு எல்லாம் ஒரு அளவில் போகிறது. மனசு எங்கேயோ இருக்கிறது. இது எனக்குப் பழக்கமான நிலை. பெல்ட்டின் முன்னால் நின்றால் இப்படித்தான் ஆகும். ஒன்பது வருடமாக என் உடம்பு இதைத்தான் படித்திருக்கிறது. நிதானம் இல்லாதவள் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். பெல்ட் முன்னால் என்னைவிட நிதானமான ஆள் கிடையாது.

அங்கிருந்து தப்பிக்க அங்கே படித்ததையே செய்ய வேண்டியிருக்கிறது. செய்வோம். வேறு என்ன.

ஏப்ரல் 19, ஞாயிறு

தோட்டத்து ரோட்டுக்குப் போகவில்லை. அந்த வட்டாரத்தில் என் முகம் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். திடலில் முழு 2.4, காதில் குமரனின் அடி.

பதினான்கு நிமிடம் ஐம்பத்தாறு!

வாணியைத் தூக்கிச் சுற்றினேன். இருவரும் கடையில் ரோத்தி சானாய், தே தாரிக் டீ. இரண்டாவது ரோத்தி பாதியில் இருக்கும்போது அவள் போனில் தேர்வு அறிவிப்பைப் படித்தாள். கைக்கடிகாரம், கைப்பேசி, காது ஒலிப்பான் எதுவும் கூடாது.

மீதி ரோத்தி இறங்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாலை இடி, மழை. அடுக்குமாடிப் படியில் ஏறி இறங்கினேன். கீழ் வீட்டு ஆள் கதவைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார்.

காதில் ஒன்றும் இல்லாமல் மனதுக்குள் அடித்துப் பார்க்கிறேன். டின் அடுக்கும்போதும் அதே அடி. சூப்பர்வைசர் பின்னால் நின்று, "என்னா சுமதி, உதடு ஆடுது? கணக்கு தப்பிரும்" என்றார். சனிக்கிழமை ஓவர்டைம் வர வேண்டுமாம். வரமாட்டேன் என்றேன். எம்சி, டாக்டர் சீட்டு, கொண்டு வா என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் எம்சிக்கு எங்கே போவது? விடுப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். காரணம் போடும் இடத்தைக் காலியாக விட்டேன்.

வலது முட்டியில் லேசான வலி. யாருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

ஓய்வு நாள். இரண்டு நாள் ஓடக் கூடாதாம். ஓடுவதைவிடக் கஷ்டம் இது.

துணி துவைத்தேன். அலமாரி அடுக்கினேன். விளக்கு துலக்கினேன். அம்மா அடித்துத் துரத்தாத குறை. "ஒக்காருடி ஒரு எடத்துல! ஆணி மேல ஒக்காந்த மாதிரி!" பிறகு கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொண்டு வந்தார். "அந்த வேலைல ராத்திரில நிக்கணுமா? தனியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கஞ்சியில் இன்னும் கொஞ்சம் சீனி போட்டார்.

தேறாவிட்டால் திங்கட்கிழமை பெல்ட். அதற்கு அடுத்த திங்கட்கிழமையும். எனக்கு அதுதான் பயம். தோற்பது கூட இல்லை, அந்தத் திங்கட்கிழமைகள்.

ஏப்ரல் 25, சனி

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலை ஏழரை. வெயில் இன்னும் ஏறவில்லை. பெண்கள் இருபத்தொரு பேர், ஆறு சுற்று. நெஞ்சில் எண் துணி. கோட்டில் ஒரு மலாய் அதிகாரி, கையில் நிறுத்தற்கடிகாரம். என்சிக், ஐயா, என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். சிரிக்காத முகம், ஆனால் கெட்டவர் இல்லை.

விசில். எல்லோரும் பாய்ந்தார்கள். நான் பாயவில்லை. மனதுக்குள் அடியை வைத்தேன். முதல் சுற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது ஆள் நான்தான். பரவாயில்லை. மூன்றாவது சுற்றில் பாய்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். தாண்டினேன், தாண்டினேன். வாணி மட்டும் முன்னால் போய்விட்டாள். நான்கு, ஐந்து, ஆறு, அதே அடி. முட்டி வலிக்கவில்லை. மூச்சு ஒழுங்கு. கோட்டைத் தாண்டும்போது சிரித்துக்கொண்டுகூட இருந்தேன்.

பதினைந்து நிமிடம் ஆறு வினாடி.

மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னார். தாளில் சுற்று நேரம் இருந்தது, காட்டினார். ஆறும் ஒன்றுபோல. இரண்டு நிமிடம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வினாடி. மனதுக்குள் அடித்த அடி ஒரு துளி தாழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை அப்படியே கடைசிவரை காப்பாற்றியிருக்கிறேன், கெட்டிக்காரி.

வாணிக்குப் பதினான்கு இருபது. அவள் பெயருக்கு நேரே லுலுஸ், தேர்ச்சி. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மூச்சு வாங்கவே இல்லையே எனக்கு! நின்று பேச முடிகிறது. தண்ணீர்கூட வேண்டாம். பக்கத்தில் ஒருத்தி புல்லில் குப்புறக் கிடக்கிறாள், ஆனால் தேறியிருக்கிறாள். நான் நேராக நிற்கிறேன், தேறவில்லை. அந்த மிச்ச மூச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக்குக் கொண்டு போகவா? என் மேலேயே அவ்வளவு ஆத்திரம். ஒரு நாளில் ஒரு நேரமாவது, ஒரு சுற்றிலாவது, கொஞ்சம் பைத்தியமாக ஓடியிருக்கக் கூடாதா?

என்சிக் வந்து சொன்னார்: அரை நிமிடத்துக்குள் தவறியவர்கள் விரும்பினால் இன்னொரு தரம் ஓடலாம். இன்றே, ஆண்கள் குழுவோடு, இன்னும் முக்கால் மணி நேரத்தில். யார் ஓடுகிறீர்கள்?

நான்கு பேர் இருந்தோம். ஒருத்தி வாந்தி. ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். ஒருத்தி போனில் அம்மாவோடு அழுதுகொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கோட்டுக்குப் போய்விட்டேன்.

"இப்பவே போய் நிக்காதீங்க அக்கா, முக்கா மணி இருக்கு," வாணி கையைப் பிடித்து இழுத்தாள். "வந்து நெழல்ல ஒக்காருங்க. இந்த வாட்டி எப்படி ஓடப் போறீங்க? அதே அடியா?"

"தெரியல வாணி. ஓடப் போறேன், அவ்வளவுதான்."

ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று. ஆண்கள் முப்பது பேர், அவர்களோடு நான். முன்னால் ஒரு நெட்டை ஆள், நீலப் பனியன். யாரென்று தெரியாது. விசில் ஊதியதும் அந்த முதுகைப் பிடித்துக்கொண்டேன். கணக்கு இல்லை, அடி இல்லை. முதல் சுற்றிலேயே நெஞ்சு எரிகிறது. வேண்டும், எரியட்டும். இரண்டாவதில் விலா குத்தல். மூன்றாவதில் முட்டி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயின. நான்காவதில் நீலப் பனியன் தளர்ந்துவிட்டார். அவரைத் தாண்டியதும் முன்னால் யாரும் இல்லை, அடுத்த கூட்டம் அரைச் சுற்று தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பிடிக்க முதுகு இல்லை. அந்த நேரம்தான் உண்மையில் பயந்தேன். வாய்விட்டுக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான். ஓரத்தில் நின்ற பையன்கள் கை தட்டினார்கள். ஐந்தாவது சுற்று ஞாபகமே இல்லை.

ஆறாவது. வாணி திடலுக்குள் புகுந்து என்னோடு சேர்ந்து ஓடி வந்தாள், ஓரமாக. "இருக்கு அக்கா, நேரம் இருக்கு, விடாதீங்க, விடாதீங்க!" கோடு தெரிந்தது. பிறகு வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும்.

பின்னால் என்சிக்கின் குரல். சிரிக்காத மனிதர், சிரிப்போடு கத்துகிறார்: "சுடா லா, காக்! போதும், அக்கா! லுலுஸ்! லுலுஸ்!"

வாணியும் கத்துகிறாள்: "அக்கா, கோட்டத் தாண்டிட்டீங்க! நில்லுங்க!"

கேட்டது. இரண்டு பேரும் சொன்னது நன்றாகவே கேட்டது. நிற்கத்தான் மனம் வரவில்லை.